மூலக் கார்களின் முன்னால்: மிச்சிகன், இண்டியானா பயணக் குறிப்புகள்

வியாழன், டியர்போர்ன்

அமெரிக்கப் பழங்கார்களின் சிறுவடிவ மாதிரிகளைச் சேர்ப்பவர், தம் அலமாரியில் இருப்பவற்றின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? கதவு திறக்கிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறதா, பானட்டுக்கு அடியில் எஞ்சினுக்கு வயர் இழுத்திருக்கிறார்களா என்பவற்றைத்தான் விற்பவர்கள் முதலில் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. காரை வரைந்தவர் எந்தக் கோட்டுக்காகப் பாடுபட்டாரோ அந்தக் கோடு மாதிரியிலும் பிழையின்றி வந்திருக்க வேண்டும். மற்றவை அனைத்தும் அதற்குப் பிறகுதான். அந்தக் கோட்டை அறிய மூலக் காரின் முன்னால் நின்றாக வேண்டும். புகைப்படங்கள் போதமாட்டா, ஏனெனில் லென்சுக்கு ஏற்றபடி காரின் மூக்கு நீளும், கூரை தாழும். டெட்ராய்ட் புறநகரில் வசிக்கும் என் தங்கையின் கணவர், கார் உடற்பகுதி வடிவமைப்புத் துறையில் வேலை செய்பவர், விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை அழைத்துச் செல்ல முன்வந்ததால் இந்தப் பயணம் கைகூடியது. மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியைக் கடந்து இண்டியானாவின் வடக்கில் உள்ள ஆபர்ன் வரை போகப்போகிறோம். ஒவ்வொரு நாளும் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிட எண்ணியிருக்கிறேன்.

இன்று டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். வாசலைத் தாண்டியதும் நான் நேராகப் போனது, அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்த 1961-ஆம் ஆண்டு லிங்கன் கான்டினென்டல் காரிடம்தான். என்னிடம் இதன் 1:24 மாதிரி (மூலத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு) ஒன்று உண்டு. அது கருநீல நிறத்தில், கூரையின்றி, 1963 நவம்பரில் அந்தக் கார் எப்படி இருந்ததோ அப்படிச் செய்யப்பட்டது. அருங்காட்சியகத்தில் நிற்பதோ கறுப்பு நிறக் கார். அதற்கு நிலையான கூரையும் குண்டு துளைக்காத கண்ணாடியும் உண்டு. கொலைக்குப் பிறகு அந்தக் காரை அழித்துவிடாமல், கவசமிட்டுத் திருத்தி அமைத்து, 1977 வரை பயன்பாட்டில் வைத்திருந்தார்கள். ஜான்சன் காலத்தில்தான் கறுப்பு நிறம் வந்தது. ஆகவே மாதிரியும் மூலமும் ஒத்துப்போகவில்லை என்று குறை சொல்ல இடமில்லை. ஒரே கார் இரண்டு காலங்களில் இரண்டு தோற்றம் கொண்டிருந்தது, மாதிரி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. சேகரிப்பாளர்கள் தங்கள் பட்டியலில் காரின் ஆண்டை மட்டும் எழுதாமல், மாதிரி காட்டும் நிலை எந்தக் காலத்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்பேன்.

அந்தக் காரில் கூரை மாறினாலும் மாறாத ஒன்று இருக்கிறது. எல்வுட் எங்கெல் தலைமையில் உருவான 1961 கான்டினென்டலில், முன் மட்கார்டின் நுனியிலிருந்து பின்பக்க முனை வரை மேல்விளிம்பை ஒட்டி ஒரே பளபளப்பான உலோகப் பட்டை ஓடுகிறது. பக்கவாட்டில் வேறு அலங்காரம் ஏறக்குறைய இல்லை; அந்த ஒற்றைக் கோடுதான் கார். மெலிந்த வெள்ளிக் கம்பியாக அது அமைய வேண்டிய இடத்தில், விலை குறைந்த மாதிரிகளில் வெள்ளிப் பெயின்ட் தடிமனாகப் பூசப்பட்டு, கதவு இடைவெளிகளில் உடைந்து உடைந்து போகிறது. இதே எங்கெல் பின்னர் கிரைஸ்லருக்குச் சென்றார். அங்கே அவர் பொறுப்பில் உருவான, டர்பைன் எஞ்சினில் ஓடும் டர்பைன் காரும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இத்தாலியின் கியா நிறுவனம் உடற்கூடு செய்து அனுப்ப, 50 கார்கள் 1963 முதல் 1966 வரை சாதாரணக் குடும்பங்களிடம் மாற்றி மாற்றி ஓட்டக் கொடுக்கப்பட்டன. சோதனை முடிந்ததும் பெரும்பாலானவை நொறுக்கப்பட்டன. முன்மாதிரிகளையும் சேர்த்துச் செய்யப்பட்ட 55-இல் இன்று ஒன்பது மட்டுமே எஞ்சியுள்ளன. டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் நிறுவனம் அந்தக் காலத்திலேயே இதற்கு 1:25 அளவில், பகுதிகளை நாமே ஒட்டிச் சேர்க்கும் ஒரு பிளாஸ்டிக் கிட் வெளியிட்டது. மூலக் கார்களே நொறுக்கப்பட்டுவிட்ட நிலையில், அந்த வடிவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க நம் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரு நல்ல வழி அந்தக் கிட். மாதிரி என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, வடிவத்துக்கான சான்று என்று நான் விடாமல் சொல்லிவருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வரிசை எண் 100001 கொண்ட முதல் மஸ்டாங்கும் இங்கே இருக்கிறது. வெள்ளை நிறத் திறந்த கார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமானி, விற்பனை முறையாகத் தொடங்கும் முன்பே அதை வாங்கிவிட்டார். பிறகு ஃபோர்டு நிறுவனம் பத்து லட்சத்து ஓராவது மஸ்டாங்கை அவருக்குக் கொடுத்து இதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான முதல் சில மாதக் கார்களைச் சேகரிப்பாளர்கள் ‘அறுபத்து நாலரை’ என்று அழைப்பது வழக்கம். ஃபோர்டின் கணக்கில் அவையும் 1965 மாடல்தான். முதல் தொகுதிக் கார்களில் மின்சாரம் தர டைனமோ இருந்தது, பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. 1:18 மாதிரியின் பெட்டியில் அறுபத்து நாலரை என்று அச்சிட்டுவிட்டு, உள்ளே ஆல்டர்னேட்டரை வைக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அது உறுத்துகிறது.

டக்கர் 48 காரை மாலையில்தான் பார்த்தேன். மொத்தம் 51 மட்டுமே செய்யப்பட்ட கார். நடுவிலுள்ள மூன்றாவது விளக்கு ஸ்டீயரிங்குடன் சேர்ந்து திரும்பும், எஞ்சின் பின்பக்கம். பிராங்க்ளின் மின்ட் என்ற நிறுவனம் செய்த 1:24 மாதிரியோடு மனத்தில் ஒப்பிட்டேன். பின்புறக் கண்ணாடியிலிருந்து பம்பர் வரை இறங்கும் சரிவை அவர்கள் நன்றாகவே பிடித்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பேச்சு, கார் வடிவம் முதலில் எங்கே பிறக்கிறது என்பதில் வந்து நின்றது. 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் தனி வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய ஹார்லி ஏர்ல்தான் களிமண்ணில் வடிவம் பார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்தியவர். தங்கையின் கணவர் சொன்னார்: “மச்சான், நாங்க இன்னைக்கும் கடைசியில களிமண்லதான் பார்ப்போம். திரையில நேரா தெரியுற கோடு, வெளிச்சத்துல வச்சா வளைஞ்சு தெரியும்.” அதே நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மாதிரி செய்யும் போட்டி ஒன்றை நடத்தி, வென்றவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் சிறுவடிவம் செய்ய வேண்டும். பிறகு போட்டியாளரே கற்பனை செய்த காரின் மாதிரி. அந்தப் போட்டியின் வழியாக வந்தவர்கள் பலர் பிற்காலத்தில் கார் வடிவமைப்பாளர்களாயினர். ஒரு கார் சிறுவடிவில் தொடங்கித்தான் பெருவடிவம் பெறுகிறது. நாங்கள் சேர்ப்பவை அது மறுபடியும் சிறுவடிவுக்குத் திரும்பிய நிலை.

வெள்ளி, இப்சிலாண்டியும் ஆலனும்

டியர்போர்னிலிருந்து மேற்கே சிறிது தூரம்தான் இப்சிலாண்டி. இங்குள்ள வாகன அருங்காட்சியகம், நாட்டில் கடைசியாக எஞ்சியிருந்த ஹட்சன் கார் விற்பனையகத்தின் பழைய கட்டடத்திலேயே நடக்கிறது. நேற்றைய கூடத்தின் பரப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இடம். ஆனால் ஹட்சன் ஹார்னெட் காரை அதை விற்ற கடைக்குள்ளேயே நின்று பார்ப்பது வேறு எங்கும் வாய்க்காது. 1950-களின் தொடக்கத்தில் நாஸ்கார் பந்தயங்களில் ஹெர்ப் தாமஸ் ஓட்டி வென்ற ஹார்னெட், பக்கவாட்டில் பெரிய எழுத்துகளுடன் இங்கே நிற்கிறது.

ஹட்சன் நிறுவனம் 1948-இல் கொண்டுவந்த உடலமைப்பில் தரைப்பகுதி சட்டத்தின் பக்கப் பட்டைகளுக்குக் கீழே இறங்கியிருக்கும். காருக்குள் ஏறுபவர் ஒரு படி இறங்கித்தான் உட்கார வேண்டும். இதனால் காரின் எடைமையம் தாழ்ந்தது, வளைவுகளில் அது கவிழாமல் ஒட்டிச் சென்றது. ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு எட்டு சிலிண்டர் கார்களை ஹட்சன் முந்தியதற்கு அதுவே பெரிய காரணம். மாதிரி சேர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். ஹார்னெட்டின் பக்கத்தில் நின்றபோது அதன் கூரை எவ்வளவு தாழ்ந்தது என்பது உறைத்தது. பின்சக்கரத்தின் மேற்பாதியை உடல் மூடிவிடுவதால் கார் தரையோடு தரையாகக் கிடப்பது போன்ற தோற்றம் கிடைக்கிறது. மோபியஸ் நிறுவனத்தின் 1:25 கிட் இதை நேர்மையாகச் செய்திருக்கிறது. அதைக் கட்டுபவர்கள் சஸ்பென்ஷன் பகுதிகளை அவசரமாக ஒட்டிவிட்டால் கார் சற்றே எழும்பி நிற்கும். அரை மில்லிமீட்டர் எழும்பினாலும் மூலக் காரில் அது ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சமம், ஹட்சனின் தன்மையே அதில் போய்விடும்.

விற்பனையகத்துக்குள் நின்றுகொண்டு ‘புரோமோ’ மாதிரிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டெட்ராய்ட் நிறுவனங்கள், புதிய கார்களின் சிறுவடிவங்களைச் செய்வித்து விற்பனையகங்களுக்கு அனுப்பின. பெற்றோர் விலை பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளைகளின் கையில் அவை கொடுக்கப்பட்டன. வாங்க யோசிப்பவர்களுக்கு நிறம் காட்டவும் பயன்பட்டன. இவற்றைச் செய்தவர்களுள் பெரும்பெயர் ஏ.எம்.டி. மிச்சிகனில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் மாதிரி அலுமினிய வார்ப்பில் வந்த ஃபோர்டு செடான். அதற்கு ஃபோர்டின் தொழிற்சாலைப் பெயின்ட்டையே பூசினார்கள். விரைவில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஜோ-ஹான், சிகாகோவின் பான்த்ரிகோ, மில்வாக்கியின் பி.எம்.சி. ஆகியோரும் இதே வேலையைச் செய்தார்கள். கார் நிறுவனங்களே தங்கள் வரைபடங்களைக் கொடுத்ததால், புரோமோக்களின் விகிதம் பின்னாளில் வேறு யாரோ படத்தைப் பார்த்துச் செய்த மாதிரிகளைவிடப் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவற்றில் கதவு திறக்காது, பானட் தூக்காது. அடிப்பகுதி ஒரு தட்டையான தகடுதான். ஆனாலும் வடிவத்துக்காக அவற்றை நான் மிக உயரத்தில் வைக்கிறேன்.

பிற்பகலில் பெருஞ்சாலையை விட்டுவிட்டு யு.எஸ். 12 என்ற பழைய சாலையில் மேற்கே போனோம். ஆலன் என்ற சிற்றூர், பழம்பொருள் கடைகளுக்காகவே மிச்சிகனில் பெயர் பெற்றது. ஒரு கடையின் கண்ணாடிப் பேழையில், 1950-களின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு செவ்ரோலெட் புரோமோ, வெயிலில் காய்ந்த அப்பளம்போல் பானட்டும் கூரையும் நெளிந்து கிடந்தது. இது அந்தக் காலத்துப் புரோமோக்களின் பொது நோய். 1960-களின் தொடக்கம் வரை அவற்றை அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். ஆண்டுகள் போகப்போக அதிலுள்ள மென்மையூட்டி ஆவியாகி வெளியேற, பொருள் சுருங்கி வளைகிறது. பின்னர் பாலிஸ்டைரீனுக்கு மாறியதும் இந்தத் தொல்லை நின்றது. நெளிந்ததை நிமிர்த்த வெந்நீரில் முக்குபவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் சுருங்கிய பொருள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அந்த மாதிரியை வாங்கிக்கொண்டேன். வடிவத்துக்கு அது சான்றாகாது, ஆனால் வெயில் படாத உட்புறத்தில் அந்த ஆண்டின் நிறம் அப்படியே இருக்கிறது. மறுபெயின்ட் அடிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அதே பேழையில் போருக்கு முந்திய டூட்சிடாய் என்ற உலோகப் பொம்மைக் கார் ஒன்றும் இருந்தது, சிகாகோவில் வார்க்கப்பட்டது. அதன் மட்கார்டு முழுவதும் நுண்விரிசல். துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலே உலோகம் உள்ளுக்குள் அரித்துப் பொரிந்துபோகும்; அதைத் தடுத்து நிறுத்த வழியில்லை. அதைத் தொடவில்லை.

சனி, ஹிக்கரி கார்னர்ஸ்

கலமசூ நகருக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது கில்மோர் கார் அருங்காட்சியகம். ஒரே கூடமாக இல்லாமல், பெரிய புல்வெளியில் பல கட்டடங்களாக அமைந்திருக்கிறது. கேடிலாக், லிங்கன், ஃபோர்டு மாடல் ஏ ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து விற்பனையகத்தின் தோற்றத்தில் எழுப்பப்பட்டது. கேடிலாக் கட்டடம் 1948-ஆம் ஆண்டு விற்பனையகத்தின் சாயலில் இருக்கிறது. அந்த ஆண்டைத் தேர்ந்ததில் பொருத்தம் உண்டு, ஏனெனில் கேடிலாக்கின் பின்புறத்தில் முதல் வால்துடுப்பு முளைத்தது 1948-இல்தான். பி-38 போர்விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்துப் பெற்ற எண்ணம் அது.

உள்ளே நிறையப் பார்த்தோம். ஆனால் இன்று எனக்குப் பெரும்பயன் தந்தது, வெளியே வாகனம் நிறுத்தும் புல்வெளியில் பார்வையாளர் ஒருவர் ஓட்டிவந்து நிறுத்தியிருந்த 1959 கேடிலாக். அருங்காட்சியக விளக்குகளின் கீழே பார்க்கும் கார் வேறு, வெயிலில் பார்க்கும் கார் வேறு. சொந்தக்காரர் ஒரு முதியவர். நான் மாதிரி சேர்ப்பவன் என்றதும், காரைச் சுற்றிவர எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

1959 கேடிலாக்கின் துடுப்பு அமெரிக்கக் கார்களிலேயே மிக உயர்ந்தது என்பது எல்லோரும் அறிந்தது. 1957-இல் கிரைஸ்லர் கார்களில் வர்ஜில் எக்ஸ்னர் கொண்டுவந்த கூர்மையான வடிவங்களைக் கண்டு ஜெனரல் மோட்டார்ஸின் இளைய வடிவமைப்பாளர்கள் திகைத்துப்போய், தங்கள் 1959 கார்களை அடியோடு மாற்றி வரைந்தார்கள். அந்தத் துடுப்பு, பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறுகிறது. நேர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நீண்டு தாழ்ந்த ஒரு சரிவு. பின்னாலிருந்து பார்த்தால் செங்குத்தான கத்தி, நடுவில் இரண்டு குண்டு வடிவ விளக்குகள். மாதிரிகளில் பெரும்பாலானவை பின்பக்கத் தோற்றத்துக்காகவே துடுப்பைச் சற்று மிகைப்படுத்திச் செங்குத்தாக்கி, பக்கவாட்டுச் சரிவைக் கெடுத்துவிடுகின்றன. இதைப் படங்களில் நான் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

காரின் நீளம் 225 அங்குலம், ஏறத்தாழ 5.7 மீட்டர். 1:18 அளவில் இது 31.7 சென்டிமீட்டர், 1:43-இல் 13.3, 1:64-இல் 8.9 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். ஆனால் 1:64 என்று சொல்லி விற்கப்படும் சிறு கார்கள் பெரும்பாலும் அட்டையின் அளவுக்குப் பொருந்தும்படி ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டரில் செய்யப்படுபவை. அப்படியானால் இந்தக் கேடிலாக்கின் உண்மை அளவு 1:76. பக்கத்தில் வைக்கும் சிறிய வோக்ஸ்வாகனும் அதே ஏழரை சென்டிமீட்டர்தான். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட விரும்புபவர் 1:43-க்கோ அதற்கு மேலோ போவது நல்லது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

வெயிலில் அந்தக் காரின் பெயின்ட்டைப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. உலோகத்துகள் கலந்த நிறத்தில், நாலடி தள்ளி நின்றால் துகள் தெரியாது, ஒரு மென்பளபளப்பு மட்டும் தெரியும். 1:18 மாதிரியில் துகளும் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் தயாரிப்பாளர்கள் சாதாரணக் கார்ப் பெயின்ட்டையே அடிப்பதால், மாதிரி ஜிகினா தூவியதுபோல் மின்னுகிறது. பெயின்ட்டின் தடிமனிலும் இதே சிக்கல் உண்டு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சு 1:18 மாதிரியில், மூலக் காரின் மேல் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். உடலின் கூர்மடிப்புகள் அதில் மழுங்கிப்போகின்றன. கதவு இடைவெளியோ மாதிரியில் அரை மில்லிமீட்டர் என்றால் மூலத்தில் ஒன்பது மில்லிமீட்டர். ரெசின் என்ற பிசினில் வார்த்த, கதவு திறக்காத மாதிரிகளை இளைய சேகரிப்பாளர்கள் குறைவாக மதிப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோடு கெடாமல் இருப்பதற்காகவே மூடிய கதவை நான் மனமார ஏற்றுக்கொள்வேன்.

ஞாயிறு, சவுத் பெண்ட்

மாநில எல்லையைத் தாண்டி இண்டியானாவுக்குள் வந்துவிட்டோம். 1852-இல் இந்த ஊரில் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டிகளிலிருந்து கார்களுக்கு வந்த ஸ்டூட்பேக்கர் நிறுவனம், 1963 டிசம்பரில் இங்குள்ள ஆலையை மூடியது. கனடாவின் ஹாமில்டனில் 1966 வரை உற்பத்தி தொடர்ந்தது. ஹாமில்டனில் கடைசியாக வெளிவந்த கார் இங்குள்ள ஸ்டூட்பேக்கர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிபர் லிங்கன் கொல்லப்பட்ட இரவில் அவரை நாடக அரங்குக்கு ஏற்றிச் சென்ற குதிரை வண்டியும் இருக்கிறது. வியாழனன்று கென்னடியின் காரைப் பார்த்திருந்த எனக்கு அந்த வண்டியை விட்டு எளிதில் நகர முடியவில்லை.

நான் பார்க்க வந்தது ஸ்டூட்பேக்கரின் அவாண்டி காரை. நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த 1961-இல், வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி சிறு குழு ஒன்றைக் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டில் அமர்த்தி, சில வாரங்களில் இந்த வடிவத்தை முடித்தார். அங்கே செய்யப்பட்ட களிமண் மாதிரி 1:8 அளவிலானது. அதுதான் சவுத் பெண்டுக்கு வந்து, பிறகு முழு அளவுக்கு வளர்ந்தது. உடல் முழுவதும் கண்ணாடியிழை. முன்புறத்தில் கிரில் இல்லை. காற்று பம்பருக்கு அடியிலிருந்து போகிறது. பானட்டின் மேல் ஓட்டுநர் பக்கமாக மட்டும் ஒரு புடைப்பு ஓடுகிறது.

அவாண்டியின் உயிர் அதன் நிற்கும் விதத்தில் இருக்கிறது. மூக்கு தாழ்ந்து வால் சற்றே உயர்ந்து, நின்ற இடத்திலேயே முன்னால் சாய்ந்திருக்கும். நான் கண்ட அவாண்டி மாதிரிகள் சில இந்தச் சாய்வை விட்டுவிட்டுக் காரைத் தரைக்குச் சமமாக நிறுத்தியிருந்தன. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அவை அவாண்டியாகத் தோன்றாததற்குக் காரணம் இன்றுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டில் குந்தி, சக்கர மையத்தின் மட்டத்தில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தேன். வாங்குபவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: 1963 கார்களில் முகப்பு விளக்கின் சட்டம் வட்டமானது, 1964-க்குரியவற்றில் பெரும்பாலும் சதுரம். சதுரச் சட்டத்தை வைத்துவிட்டு 1963 என்று பெயரிட்ட மாதிரி தவறானது.

லோவியின் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பர்க் வரைந்த 1953 ஸ்டார்லைனரும் அருகில் இருந்தது. அதற்கு ஏ.எம்.டி. வெளியிட்ட 1:25 கிட் பல தலைமுறைகளாகத் திரும்பத் திரும்ப அச்சேறிவருகிறது. ஏ.எம்.டி.யின் பெயரும் பழைய வார்ப்பு அச்சுகளும் இப்போது ரவுண்ட் 2 என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன; அந்த நிறுவனம் இதே சவுத் பெண்டில்தான் இயங்குகிறது. கார் செய்த ஊரில் கார் நின்றுபோனது, கார் மாதிரிகள் தொடர்கின்றன.

திங்கள், ஆபர்ன்

ஆபர்ன் கோர்டு டூசன்பெர்க் அருங்காட்சியகம், 1930-இல் ஆபர்ன் நிறுவனம் தனக்காகக் கட்டிக்கொண்ட தலைமையகத்திலேயே இருக்கிறது. காட்சியறையின் தரையும் விளக்குகளும் படிக்கட்டும் அந்தக் காலத்தவை. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் கார்களைப் பார்க்க முடிவதால், இந்தப் பயணத்தில் கண்ட உட்கூடங்களிலெல்லாம் மாதிரி சேர்ப்பவருக்கு இதுவே மிகச் சிறந்தது என்பேன்.

டூசன்பெர்க் மாடல் ஜே 1928-இல் வந்தது. 265 குதிரைத்திறன், எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள். நிறுவனம் விற்றது பெரும்பாலும் எஞ்சினும் சட்டமும்தான். உடலை மர்ஃபி, டெர்ஹாம், ரோல்ஸ்டன் முதலிய தனிக் கூடங்கள் செய்தன. ஆகவே ‘டூசன்பெர்க் ஜே’ என்று மட்டும் எழுதிய மாதிரி எதையும் சொல்லவில்லை. எந்தக் கூடம், எந்த உடல் என்பது தெரிய வேண்டும். பிராங்க்ளின் மின்ட்டின் 1930 டெர்ஹாம் டூர்ஸ்டர் இந்த வகையில் முறையானது. மூலத்தில் எட்டே எட்டு செய்யப்பட்ட உடல் அது. 1935 ஆபர்ன் ஸ்பீட்ஸ்டரின் படகு வாலையும், பானட்டின் பக்கத்திலிருந்து வெளிவரும் குரோம் குழாய்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓட்டிச் சோதிக்கப்பட்டதாகப் பந்தய ஓட்டுநர் ஏப் ஜென்கின்ஸ் கையெழுத்திட்ட சிறு தகடு அதன் டாஷ்போர்டில் இருக்கும். அந்தத் தகட்டையும் மறக்காமல் வைக்கும் மாதிரிகளை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

மற்ற நேரம் முழுவதும் கோர்டு 810-க்கே போனது. கார்டன் பியூரிக் வரைந்து 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட கார். கிரில் கிடையாது, அந்த இடத்தில் கிடைமட்டமான விளிம்புகள் மூக்கைச் சுற்றி வளைந்து, பானட்டின் இரு பக்கங்களிலும் கதவை நோக்கி ஓடுகின்றன. முகப்பு விளக்குகள் மட்கார்டுக்குள் மறைந்திருக்கும்; டாஷ்போர்டின் இரு முனைகளிலும் உள்ள கைப்பிடிகளைச் சுழற்றி அவற்றை வெளியே எடுக்க வேண்டும். கதவுக் கீல்கள் வெளியே தெரியா, ஏறுபடிப் பலகையும் இல்லை. 1951-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது கோர்டு 812 (810-இன் 1937 மாடல்) அவற்றுள் ஒன்றாக இருந்தது.

இந்தக் காரின் வரலாற்றில் எங்கள் கலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. கண்காட்சியில் கூட்டம் அலைமோதியது. முன்பணம் கட்டியவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குள் கார் கிடைக்கும் என்று நிறுவனம் வாக்களித்தது. கியர்பெட்டிச் சிக்கலால் உற்பத்தி தாமதமாகி, வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. காருக்குப் பதிலாக அவர்களுக்கு அனுப்பப்பட்டது 1:32 அளவிலான வெண்கலக் கோர்டு மாதிரி. அந்த வெண்கல மாதிரியைத்தான் கோர்டு மாதிரிகள் அனைத்துக்கும் மூத்ததாக நான் கருதுகிறேன். வாடிக்கையாளரின் கைக்கு மூலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த மாதிரி அது.

மேட்ச்பாக்ஸ் நிறுவனத்தின் சிறிய 1937 கோர்டு 812 மாதிரி என் சட்டைப்பையிலேயே வந்திருந்தது. காரின் எதிரில் சில அடிகள் தள்ளி நின்று, அதைக் கண் மட்டத்தில் பிடித்து, மூலத்தோடு ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன். சிறியதாகவும் எளியதாகவும் இருந்தும் அதன் மூக்கு, மேலிருந்து பார்க்கையில் முன்னோக்கிக் குறுகும் அளவைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் விளிம்புகள் மூக்கைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஆழம் குறைந்துவிடுகிறது. மூலத்தில் அந்தத் திருப்பத்தில் நிழல் விட்டுப்போவதே இல்லை. முன்னிருந்து பக்கத்துக்கு ஒரே கறுப்பு வரியாக ஓடுகிறது. மோனோகிராம் நிறுவனத்தின் 1:24 கோர்டு கிட்டில் இந்த விளிம்புகளுக்கு இடையே மெல்லிய கறுப்பு மையை ஓடவிட்டால் அந்த நிழல் கிடைக்கும்; ஊர் திரும்பியதும் பெட்டியில் கிடக்கும் அந்தக் கிட்டை எடுக்கப்போகிறேன். நிறம் கோர்டின் பழைய பட்டியலிலுள்ள ‘சிகரெட் கிரீம்’, உலோகத்துகள் இல்லாத வெறும் பால்மஞ்சள். அதனால் சனிக்கிழமை எழுதிய ஜிகினாச் சிக்கலும் இதில் இல்லை.

கோர்டு மாதிரி வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். விளக்குகள் திறந்து மூடும் வசதியைப் பெரிதாகச் சொல்லி விற்கும் மாதிரிகள் உண்டு. பியூரிக் கொடுத்த முகம் விளக்குகள் மூடிய முகம்தான். ஆகவே அவற்றை மூடிவைத்து, மூடி மட்கார்டின் வளைவோடு சமமாகப் படிகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மூடி ஒரு முடியளவு புடைத்து நின்றாலும் அதை விட்டுவிட்டு, விளக்கே திறக்காத, ஆனால் மட்கார்டு வழுவழுப்பாக முடிந்திருக்கும் மாதிரியை வாங்குங்கள்.